காலை எட்டு மணிக்கு ஜிபி லைன் ஏன் கிடைப்பதில்லை

தமிழ்க் காதுக்கு ‘சர்ஜரி’ என்றால் கத்தி, மயக்க மருந்து, ஆபரேஷன் தியேட்டர். பிரிட்டனில் அது தெருமுனையில் இருக்கும், ‘ஜிபி’ எனப்படும் குடும்ப மருத்துவரின் கிளினிக். அங்கே குடியேறியவர்களுக்கு இந்தச் சொல் ஒரு வாரத்தில் பழகிவிடும். காலை எட்டு மணிக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு ‘நீங்கள் வரிசையில் இருபத்து மூன்றாவது ஆள்’ என்ற பதிவுக் குரலைக் கேட்பதுதான் பழகாது. ரிசப்ஷனில் இருப்பவர் மேல் கோபம் வரும். டாக்டர்கள் முன்போல் வேலை செய்வதில்லை என்று தோன்றும். இரண்டுமே தப்பு. அந்த வரிசையை உண்டாக்கியது ஒப்பந்தம். ஒன்றல்ல, 20 வருடங்களாக ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுப்போட்ட பல ஒப்பந்தங்கள்.

ஜிபி பெரும்பாலும் அரசு ஊழியர் இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1948 ஜூலை 5 அன்று பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். பிறந்தபோது ஆஸ்பத்திரிகள் அரசின் கைக்குப் போயின. குடும்ப மருத்துவர்கள் சம்பளக்காரர்களாக மறுத்து, அரசோடு ஒப்பந்தம் போட்டு நடத்தும் தனித் தொழில்காரர்களாகவே நின்றார்கள். இன்றைக்கும் ஒரு சர்ஜரியை நடத்துவது பெரும்பாலும் ‘பார்ட்னர்’ எனப்படும் சில டாக்டர்கள். ஒப்பந்தப் பணம் மொத்தமாக வரும். நர்ஸ் சம்பளம், ரிசப்ஷன் சம்பளம், மின்சாரம், இன்ஷூரன்ஸ் எல்லாம் போக மிஞ்சுவது அவர்கள் வருமானம். மிஞ்சவில்லை என்றால் நஷ்டமும் அவர்களுடையதுதான், சொந்த வீடு வரை கைவைக்கும் பொறுப்போடு. அவர்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஜிபிக்கள் உண்டு, தேவைப்படும் நாளில் வந்துபோகும் லோக்கம்களும் உண்டு.

ஆகவே ஒப்பந்தத்தில் எந்த வேலைக்குக் காசு எழுதியிருக்கிறதோ அது பகலில் நடக்கும். எழுதாத வேலை, சர்ஜரி மூடும் மாலை ஆறரைக்குப் பிறகு நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. நோயாளியைத் தெரிந்து வைத்திருப்பது என்ற வேலைக்கு எந்த ஒப்பந்தத்திலும் உருப்படியாகக் காசு எழுதப்படவில்லை. என் பார்வையில் மற்ற எல்லாப் பிரச்சினைகளும் இதன் கிளைகள்.

இனிச் சொல்வது இங்கிலாந்தின் கணக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி ஒப்பந்தங்கள்.

பணத்தின் பெரும்பகுதி ‘குளோபல் சம்’ என்ற பெயரில் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. 2025-26-இல் அது ஒரு ‘எடையிட்ட’ நோயாளிக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 120 பவுண்டு, அதாவது மாதம் பத்து பவுண்டு. அவர் வருடத்தில் ஒரு தடவை வந்தாலும் சரி, 30 தடவை வந்தாலும் சரி, தொகை ஒன்றுதான். எடை போடுவது கார்-ஹில் சூத்திரம். அதில் 5 முதல் 14 வயதுவரை உள்ள பையன் 1 என்று வைத்தால், 15-44 வயது ஆண் 1.02, அதே வயதுப் பெண் 2.19, நான்கு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தை 3.97, 85-ஐத் தாண்டிய பாட்டி 6.72. புதிதாகப் பதிவு செய்தவருக்கு முதல் வருடம் 1.46 மடங்கு, ஏனென்றால் பழைய ரெக்கார்டைச் சுருக்கி எழுதுவது, மருந்துகளைச் சரிபார்ப்பது என்று அந்த வருடம் வேலை அதிகம். (இந்த எண்கள் ஒப்பீட்டுக்குத்தான். நாடு முழுவதும் சராசரி ஒன்று வரும்படி பிறகு சரிக்கட்டிவிடுவார்கள். பாட்டிக்கு 6.72-ஐ 120-ஆல் பெருக்கிப் பார்த்து மயங்க வேண்டாம்.)

சூத்திரம் வயதை நன்றாகப் பார்க்கிறது, வறுமையைச் சரியாகப் பார்ப்பதில்லை. ஏழைகள் நிறைந்த பகுதியில் 50 வயதுக்காரருக்கே சர்க்கரை, மூச்சிரைப்பு, மன அழுத்தம் மூன்றும் சேர்ந்து இருக்கும். வசதியான கடற்கரை ஊரில் 70 வயதில் காலை நடை போகிறவருக்கு அவரைவிட எடை அதிகம் கிடைக்கும். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் நோயாளிக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும், பத்து நிமிட வேலை இருபது நிமிடம் ஆகும். சூத்திரத்தில் மொழிக்கு இடமே இல்லை. தமிழ் மட்டுமே பேசும் ஒரு அம்மா ஒரு சர்ஜரியில் பதிவு செய்யும்போது, மொழியால் அந்த சர்ஜரிக்குக் கூடுவது வேலை மட்டும்தான், காசு அல்ல. 2004-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் இந்தச் சூத்திரத்தை மறுபரிசீலனை செய்வதாக 2025-இல் அரசு அறிவித்தது. அது முடிந்து பணமாக மாறுவது வேறு கதை.

இலக்கு வைத்துக் காசு கொடுக்கும் பழக்கம் 1990-இல் பெரிதாக வந்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் கென்னத் கிளார்க் டாக்டர்களின் எதிர்ப்பை மீறி அந்த ஒப்பந்தத்தைத் திணித்தார். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் 80 சதவீதம் எட்டினால் ஒரு தொகை, 50 எட்டினால் சிறிய தொகை, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. 79 சதவீதம் எட்டியவருக்கும் 50-க்கான காசுதான். மாடிப்படி மாதிரியான இந்தக் கணக்கில், வேண்டாம் என்று சொல்லும் ஒரே ஒரு பெண் சர்ஜரியின் வருமானத்தை ஒரு படி கீழே இறக்கிவிடலாம். அவர் மறுப்பை டாக்டர் எந்த முகத்தோடு கேட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

உண்மையான புரட்டல் 2004. மூன்று மாற்றங்கள் ஒரே நேரத்தில் வந்தன. முதலாவது, ஒப்பந்தம் டாக்டரோடு அல்ல, சர்ஜரியோடு என்று ஆனது. நோயாளி இன்ன டாக்டரின் நோயாளி என்ற நிலை போய், இன்ன சர்ஜரியின் நோயாளி ஆனார். காகிதத்தில் ஒரு சொல் மாறியது, அவ்வளவுதான், ஆனால் ‘என் டாக்டர்’ என்ற சொல்லின் அடியில் இருந்த கல்லை உருவியது அதுதான். இரண்டாவது, மாலை ஆறரை முதல் காலை எட்டு வரையும் சனி ஞாயிறும் பார்க்கும் பொறுப்பை விட்டுவிடலாம், அதற்கு வருடத்துக்கு ஒரு டாக்டருக்கு ஏறக்குறைய 6,000 பவுண்டை விட்டுக்கொடுக்க வேண்டும். பெரும்பாலானோர் விட்டுக்கொடுத்தார்கள். மறுநாள் காலை 18 நோயாளிகளைப் பார்க்க வேண்டிய ஒருவரை இரவு இரண்டு மணிக்கு எழுப்பாமல் இருப்பது நல்லதுதான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த 6,000-க்கு இரவுச் சேவையை நடத்த முடியாது என்பது ஏற்றுக்கொண்ட உள்ளூர் நிர்வாகங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துபோனது. மூன்றாவது க்வாஃப்.

க்வாஃப் என்பது தரத்துக்கான புள்ளித் திட்டம். தொடங்கியபோது 146 அளவுகோல்கள், 1,050 புள்ளிகள். முதல் வருடம் சராசரி சர்ஜரிக்கு ஒரு புள்ளி 75 பவுண்டு. முக்கால்வாசிப் புள்ளி எடுப்பார்கள் என்று அரசு கணக்குப் போட்டிருந்தது. எடுத்தது 91 சதவீதத்துக்கும் மேல். இலக்கைச் சுலபமாக வைத்துவிட்டோம் என்று ஒரு பக்கமும், பார்த்தீர்களா காசு கொடுத்தால் செய்கிறோம் என்று மறுபக்கமும் சண்டை நடந்தது.

கணக்கு இப்படி வேலை செய்யும். ஒரு அளவுகோலுக்கு 20 புள்ளி, கீழ் வரம்பு 40 சதவீதம், மேல் வரம்பு 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ரத்த அழுத்த நோயாளிகளில் 70 சதவீதம் பேருக்கு அழுத்தம் இலக்குக்குள் இருந்தால், 70-இல் 40-ஐக் கழித்து, வரும் 30-ஐ 40-ஆல் வகுத்து, 20-ஆல் பெருக்க வேண்டும். 15 புள்ளி. 2025-26-இல் ஒரு புள்ளி ஏறக்குறைய 225 பவுண்டு, ஆக 3,375. மீதி ஐந்து புள்ளிக்கு, அதாவது 1,125 பவுண்டுக்கு, இன்னும் பத்து சதவீதம் பேரைப் பிடிக்க வேண்டும். அந்தப் பத்து சதவீதம் யார்? இரண்டு வேலை பார்ப்பவர், வீடு மாறிக்கொண்டே இருப்பவர், மாத்திரையை நிறுத்திவிட்டுச் சொல்லாதவர். நியாயப்படி டாக்டரின் நேரம் அதிகம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். கணக்குப்படி கடைசியாகத் தேட வேண்டியவர்களும் இவர்கள்தான். 80-ஐத் தாண்டினால் காசு இல்லை, 40-க்குக் கீழே இருந்தாலும் இல்லை.

கணக்கு முடிவது மார்ச் 31. ஜனவரிக்குப் பிறகு ‘உங்கள் ரத்த அழுத்தத்தை அனுப்புங்கள்’, ‘ஆஸ்துமா சரிபார்ப்புக்கு வாருங்கள்’ என்று குறுஞ்செய்திகள் குவிவது அதனால்தான். ஒரே செய்தி இரண்டு முறை வருவதற்கும் காரணம் உண்டு. இரண்டு முறை அழைத்தும் வராதவரை வகுக்கும் எண்ணிலிருந்து நீக்கிவிடலாம். இது நேர்மையான விதிதான், வர மறுப்பவருக்காக சர்ஜரியைத் தண்டிக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. ஆனால் இரண்டாவது செய்தி அனுப்பியவுடன் அந்த நபரைத் தேடுவதற்கான காரணமும் தீர்ந்துவிடுகிறது. குழந்தைத் தடுப்பூசிக்கு இந்தச் சலுகை கிடையாது. 2021-இல் அது க்வாஃபுக்குள் வந்தபோது கீழ் வரம்பே 90 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பெற்றோர் மறுப்பது அதிகமாக உள்ள பகுதியில் வீடுவீடாகப் பேசி 80-இலிருந்து 86-க்கு ஏற்றிய சர்ஜரிக்குப் புள்ளி பூஜ்யம். ஒன்றும் செய்யாமலே 95-இல் இருந்த சர்ஜரிக்கு முழுப் புள்ளி.

இலக்கு எண் தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு சர்க்கரை நோயே சாட்சி. தொடக்கத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.4 சதவீதம் என்று இருந்த இலக்கு 2009-இல் 7 ஆக இறுக்கப்பட்டது. இறுக்கிப் பிடிப்பது எல்லோருக்கும் நல்லதல்ல, சர்க்கரை சடாரென்று இறங்கி விழும் அபாயம் இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டியபின் 2011-இல் 7.5-க்குத் தளர்த்தினார்கள். 2019-இல்தான் தளர்ந்த உடல் உள்ளவர்களுக்குத் தனி இலக்கு வந்தது. மற்றவர்களுக்கு 58, தளர்ந்தவர்களுக்கு 75, இப்போதைய அலகில் (பழைய சதவீதக் கணக்கில் 7.5-உம் 9-உம்). அதுவரை 88 வயதில் தனியாக வாழும் ஒருவரின் சர்க்கரையை 45 வயது ஆசிரியரின் சர்க்கரைபோல் இறக்கினால் காசு. நல்ல டாக்டர் காசை விட்டுவிட்டு மாத்திரையைக் குறைத்தார். ஒவ்வொரு டாக்டரும், ஒவ்வொரு மார்ச் மாதமும் அப்படிச் செய்வார் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 68 வயதுப் பெண், முட்டிவலி என்று வருகிறார். திரையில் அவர் பெயரைத் திறந்ததும் ஓரத்தில் ஒரு பெட்டி: ரத்த அழுத்தம் பதியவில்லை, புகைபிடிப்பாரா என்று 12 மாதமாகக் கேட்கவில்லை, பாதப் பரிசோதனை பாக்கி. டாக்டர் முட்டியைப் பார்க்கிறார், நான்கு நிமிடம். கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் எடுக்கிறார், முதல் தடவை அதிகம், எனவே இன்னொரு தடவை, மூன்று நிமிடம். ‘நீங்கள் சிகரெட் பிடிப்பீர்களா?’ வாழ்க்கையில் தொட்டதில்லை என்கிறார், போன வருடம் சொன்ன அதே பதில். ஒன்பதாவது நிமிடம் எழுந்து, கதவுப்பிடியில் கைவைத்தபடி, ‘இன்னொன்று டாக்டர், மலத்தில் கொஞ்சம் ரத்தம் மாதிரி...’ என்கிறார். அவர் வந்ததே இதற்காகத்தான். கதவுப்பிடியில் கை வரும்வரை சொல்லத் தைரியம் வரவில்லை. முதல் நான்கு நிமிடத்தில் டாக்டர் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்திருந்தால் முன்பே வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். இப்போது டாக்டர் அவரை உட்காரவைத்தால் வெளியே இருப்பவர்களுக்கு 15 நிமிடம் தாமதம். உட்காரவைக்காவிட்டால்?

க்வாஃப் வேண்டாத திட்டம் என்று சொல்லிவிட்டு நகர முடியாது. அது வந்தபின் நோய்ப் பட்டியல்கள் ஒழுங்காயின, நர்ஸ் கிளினிக்குகள் பெருகின. அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 2009-இல் வந்த ஆய்வு, தரம் க்வாஃபுக்கு முன்பே ஏறிக்கொண்டிருந்தது, வந்தபின் ஏறும் வேகம் குறைந்தது, ஒரே டாக்டரைப் பார்ப்பது சரிந்தது என்று காட்டியது. அதே இதழில் 2018-இல் வந்த இன்னொரு ஆய்வு, 2014-இல் சில அளவுகோல்களின் காசை நிறுத்தியதும் அவற்றின் பதிவுகள் உடனடியாக விழுந்ததைக் காட்டியது. விழுந்தது சிகிச்சையா, டிக் அடிப்பதா என்பதில் வாதம் உண்டு. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பது என் ஊகம். ஸ்காட்லாந்து 2016-இல் க்வாஃபை மொத்தமாகவே கைவிட்டது. இங்கிலாந்து 2025-26-இல் 32 அளவுகோல்களை எடுத்துவிட்டு, கணிசமான புள்ளிகளை இதய நோய்த் தடுப்புக்குத் திருப்பியது.

இனி அந்த எட்டு மணி. 2000-களின் தொடக்கத்தில் 48 மணி நேரத்துக்குள் ஜிபியைப் பார்க்க முடிய வேண்டும் என்று அரசு இலக்கு வைத்தது, 2004 ஒப்பந்தம் அதற்குக் காசு வைத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அளவிடுவது ‘48 மணி நேரத்துக்குள் இடம் இருக்கிறதா?’ என்பதை. அடுத்த வாரச் சந்திப்புகளை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் இன்று கேட்பவருக்கு இடம் இருக்காது, இலக்கு தவறும். எனவே பல சர்ஜரிகள் முன்பதிவை நிறுத்தி, எல்லா இடங்களையும் அன்றன்று காலை எட்டு மணிக்குத் திறந்தன. அடுத்த வியாழன் வந்தால் போதும் என்ற ரத்த அழுத்த நோயாளியும் எட்டு மணி வரிசைக்குள் தள்ளப்பட்டார். 2005 தேர்தல் சமயத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பார்வையாளர் இதைச் சொன்னபோது பிரதமர் டோனி பிளேர் திகைத்துப்போனது பிரசித்தம். அவருடைய இலக்கு, அவருக்கே தெரியாத விளைவு.

இலக்கு போய்விட்டது, எட்டு மணிப் பழக்கம் போகவில்லை. 2023-24 ஒப்பந்தம் இன்னொரு கோடியிலிருந்து வந்தது: போன் செய்தவரிடம் ‘நாளை கூப்பிடுங்கள்’ என்று சொல்லக் கூடாது, முதல் தொடர்பிலேயே என்ன செய்வது என்று தீர்மானிக்க வேண்டும். காலையில் வரும் 150 அழைப்புகளையும் இணையப் படிவங்களையும் யாராவது பிரித்தாக வேண்டுமே? பல இடங்களில் அனுபவமுள்ள ஒரு டாக்டர் காலை முழுக்க நோயாளிகளைப் பார்க்காமல் படிவங்களைப் படித்துப் பிரிக்கிறார். பிரிப்பதற்கு நேரம் எடுத்தால் பார்ப்பதற்கு நேரம் குறைகிறது. பிரிப்பவரும் பார்ப்பவரும் வேறு வேறு ஆள்.

2025 அக்டோபர் 1 முதல் இணையப் படிவம் காலை எட்டு முதல் மாலை ஆறரை வரை திறந்தே இருக்க வேண்டும். அவசரமில்லாத கேள்விகளுக்கு மட்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை 6.20-க்கு ஒரு படிவம் வருகிறது. ‘அவசரமில்லை’ என்ற கட்டம் டிக் செய்யப்பட்டிருக்கிறது. உள்ளே: ‘இரண்டு நாளாக மார்பு கனமாக இருக்கிறது, வாயுத் தொல்லை என்று நினைக்கிறேன், மாத்திரை வேண்டும்.’ எழுதியவருக்கு அது அவசரமில்லைதான், வாயு என்றல்லவா நினைக்கிறார். அதை யாராவது ஆறரைக்குள் திறந்து படிக்கிறார்களா, திங்கள் காலை படிக்கிறார்களா என்பதில் ஒரு உயிர் இருக்கலாம். டாக்டர்களின் சங்கமான பி.எம்.ஏ. எதிர்த்தது இதைத்தான். வரும் படிவத்துக்கு உச்ச வரம்பு இல்லை, படிக்கும் கண்களுக்கு உண்டு. இந்தப் படிவத்தை நிரப்புவோர் கவனிக்க வேண்டியது ஒன்று: மார்பு, மூச்சு, ஒரு பக்கம் மரத்துப்போதல், திடீர்த் தலைவலி இவற்றில் எதுவானாலும் படிவம் வேண்டாம். அவசர எண் 999 அல்லது என்.எச்.எஸ். ஆலோசனை எண் 111.

2019-இன் ஐந்து வருட உடன்படிக்கை வேறு திசையில் போனது. அக்கம்பக்கத்து சர்ஜரிகள் 30,000 முதல் 50,000 நோயாளிகள் கொண்ட பி.சி.என். என்ற குழுக்களாகச் சேர வேண்டும். அந்தக் குழுவுக்கு மருந்தாளுநர், பிசியோ, பாராமெடிக், சமூக உதவிக்கு வழிகாட்டுபவர் போன்றோரை வைத்துக்கொள்ளச் சம்பளத்தை அரசு திருப்பித் தரும். இலக்கு பிறகு 26,000 பேராக உயர்ந்தது. நல்ல மருந்தாளுநர் ஒருவர் இருந்தால் மருந்துச் சரிபார்ப்பில் டாக்டரைவிட ஒழுங்காகவே செய்வார், அதில் சந்தேகமில்லை. ஆனால் திருப்பித் தந்தது சம்பளத்தை. அவர் உட்காரும் அறைக்கும், அவரை மேற்பார்வை செய்யும் டாக்டரின் நேரத்துக்கும் தனியாகக் காசு வரவில்லை. டாக்டருக்கு உதவியாக நோயாளிகளைப் பார்க்கும் ‘பிசிஷியன் அசோசியேட்’டுக்கு மருந்துச் சீட்டு எழுத அதிகாரமில்லை. அவர் பார்க்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் மருந்து தேவையானால் டாக்டர் நடுவில் எழுந்து, கேட்டு, கையெழுத்திட வேண்டும். கேட்காமல் கையெழுத்திட்டால் பொறுப்பு டாக்டர் தலையில். என்ன நோய் என்றே இன்னும் பிரித்தறியாத நிலையில் வரும் நோயாளிகளை, தேசிய நெறிமுறை தெளிவாக அனுமதித்தால் தவிர, இந்த அசோசியேட்கள் பார்க்கக் கூடாது என்று அரசு கேட்டு 2025 ஜூலையில் வந்த லெங் அறிக்கை பரிந்துரைத்தது.

இத்திட்டத்தின் விசித்திரம், அந்தக் காசில் டாக்டரை வேலைக்கு வைக்க முடியாது என்று இருந்தது. நாட்டில் ஜிபி போதாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் பயிற்சி முடித்த ஜிபிக்கள் வேலை கிடைக்காமல் அலைந்தார்கள். 2024 அக்டோபரில்தான் 82 மில்லியன் பவுண்டு ஒதுக்கிப் புதிய ஜிபிக்களுக்கும் கதவைத் திறந்தார்கள்.

டாக்டரின் நாளில் இது உண்டாக்கிய மாற்றம் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. தொண்டை வலி, காது வலி, சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று போன்ற ஏழு தொல்லைகள் 2024 ஜனவரி முதல் மருந்துக் கடைக்கே போகின்றன. தசைவலி பிசியோவுக்கு. நியாயம்தான். ஆனால் அந்தச் சிறிய கேஸ்கள்தான் மூன்று நிமிடத்தில் முடிந்து, அடுத்து வரும் அழும் மனிதருக்கு 17 நிமிடம் கொடுத்தன. இப்போது அழும் மனிதர்கள் மட்டுமே வரிசையாக வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம். ஒரு நாளைக்கு 25 தொடர்புகளுக்கு மேல் பாதுகாப்பில்லை என்று பி.எம்.ஏ. சொல்வதை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும்.

2024-இல் கோபம் வெடித்தது. 1.9 சதவீத உயர்வோடு வந்த ஒப்பந்தத்தை வாக்கெடுப்பில் 99 சதவீதம் பேர் நிராகரித்தார்கள், இருந்தும் அது திணிக்கப்பட்டது. ஆகஸ்டில் வேலைநிறுத்தம் இல்லாத ஒரு போராட்டம்: நாளைக்கு 25 பேர், காசில்லாத வேலையைத் திருப்பி அனுப்புதல் என்று பட்டியல் போட்டார்கள். காசில்லாத வேலை என்றால் என்ன? ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வரும்: ‘இந்த மாத்திரையை நிறுத்துங்கள், இரண்டு வாரத்தில் சிறுநீரக ரத்தப் பரிசோதனை, முடிவைப் பார்த்து அந்த மாத்திரையைக் கூட்டுங்கள்.’ படித்து, மருந்துப் பட்டியலைத் திருத்தி, நோயைப் பதிந்து, ரத்தத்துக்கு எழுதி, நோயாளிக்குச் செய்தி அனுப்ப, ஒழுங்காகச் செய்தால் ஆறு ஏழு நிமிடம். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை என்பது சர்ஜரிக்கு சர்ஜரி மாறும். ஆனால் எந்த வரியிலும் இதற்குக் காசு இல்லை.

பிறகு உயர்வு 7.4 சதவீதமானது, 2025-26-க்கு 889 மில்லியன் பவுண்டு கூடியது. பெரிய எண்தான். அதே ஏப்ரலில் முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீடு 13.8-இலிருந்து 15 சதவீதமாகி, வரம்பு 9,100-இலிருந்து 5,000 பவுண்டுக்கு இறங்கியது. வருடம் 24,000 வாங்கும் ரிசப்ஷனிஸ்ட் ஒருவருக்கு முன்பு 2,056 கட்டியவர்கள் இப்போது 2,850 கட்ட வேண்டும். இப்படி இருபது பேர் என்றால் ஏறக்குறைய 15,900 பவுண்டு கூடுதல். அது 130 நோயாளிகளுக்கான ஒரு வருட முழுத் தொகை. ஆஸ்பத்திரிக்கு அரசு ஈடுகட்டியது. ஜிபி தனியார் தொழில்காரர் என்பதால் ஈடு இல்லை, பெரும்பாலும் அரசு வேலை செய்பவர் என்பதால் சிறு தொழில்களுக்கான சலுகையும் இல்லை. இந்தப் பக்கம் கேட்டால் நீ அந்தப் பக்கம் என்பார்கள்.

இதையெல்லாம் பார்த்த இளம் டாக்டர்கள் பார்ட்னராக வர யோசிக்கிறார்கள், சம்பள ஜிபியாகவே இருக்க விரும்புகிறார்கள். அப்படிக் கையெழுத்திடுமுன் பார்க்க வேண்டியவை சில உண்டு. பி.எம்.ஏ.-யின் மாதிரி ஒப்பந்தத்தில் ஒரு செஷன் என்பது 4 மணி 10 நிமிடம், முழுநேரம் என்றால் வாரம் ஒன்பது செஷன், 37.5 மணி. கொடுக்கப்பட்ட தாளில் ‘செஷன்’ என்று மட்டும் எழுதி நிமிடம் எழுதாவிட்டால் அது ஆறு மணி நேரமாக நீளும். அந்த 250 நிமிடத்தில் எத்தனை நோயாளி, எத்தனை போன், ரத்த முடிவுகளுக்கும் கடிதங்களுக்கும் எத்தனை நிமிடம், வீட்டு விசிட் யார் கணக்கு, மேற்பார்வை செய்தால் அந்த நேரம் எங்கே கழியும் என்று தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். படிப்புக்கு முழுநேரக்காரருக்கு வாரம் நான்கு மணி நேரம். ஜி.எம்.எஸ். என்ற வழக்கமான தேசிய ஒப்பந்தம் உள்ள சர்ஜரி, பி.எம்.ஏ. மாதிரியைவிடக் குறைவான நிபந்தனை தரக் கூடாது. பி.சி.என்.-க்கும், குறிப்பிட்ட வருடங்களுக்கு ஏலத்தில் எடுத்து நடத்தும் நிறுவனங்களுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஏமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

அந்த ஏல ஒப்பந்தங்கள் நோயாளிக்கும் பாதகம். ஐந்து வருடம் முடிந்து லாபமில்லை என்று நிறுவனம் விலகினால் ஆயிரக்கணக்கானவர்களை அக்கம்பக்கத்து சர்ஜரிகளில் பிரித்துவிடுவார்கள். ஒரே மாதத்தில் 800 புதியவர்களை ஏற்கும் சர்ஜரியில் பழைய நோயாளிகளுக்கும் லைன் கிடைக்காது.

ஒரே டாக்டரைப் பல வருடம் பார்ப்பது வெறும் பழைய ஞாபக ஏக்கமா? நார்வேயில் ஒவ்வொருவருக்கும் பெயர் குறிப்பிட்ட ஒரு ஜிபி உண்டு. அங்கே லட்சக்கணக்கானோரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், 15 வருடத்துக்கு மேல் அதே ஜிபியிடம் இருந்தவர்களுக்கு, முதல் வருடத்தில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால், இரவு நேரச் சேவையை நாடுவதும், ஆஸ்பத்திரியில் சேர்வதும், இறப்பும் கால்வாசி அளவுக்கும் அதற்கு மேலும் குறைவாக இருந்தன. இது ஒரு மாத்திரையாக இருந்திருந்தால் க்வாஃபில் முதல் இடம் கிடைத்திருக்கும்.

இங்கிலாந்தின் ஒப்பந்தத்தில் இதன் எலும்பு மட்டும் இருக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர் குறிப்பிட்ட பொறுப்பு ஜிபி ஒருவர் இருக்க வேண்டும். பலருக்குத் தங்கள் பெயரில் யார் இருக்கிறார் என்றே தெரியாது, சில டாக்டர்களுக்கும் தெரியாது. 2025-26-இல் பி.சி.என்.-களுக்கு, ஒரே டாக்டரால் அதிகம் பயன்பெறுவோர் யார் என்று பட்டியல் எடுக்க ஒரு ஊக்கத்தொகை வந்தது. பட்டியல் எடுக்கத்தான் காசு.

ஆனாலும் அந்த எலும்பைப் பிடித்துக்கொள்ளலாம். ரிசப்ஷனில் ‘என் பெயரில் உள்ள ஜிபி யார்?’ என்று கேளுங்கள், சொல்லியாக வேண்டும். குறிப்பிட்ட டாக்டரை விரும்பினால் அந்த விருப்பத்தை ரெக்கார்டில் பதியச் சொல்லுங்கள், முடிந்தவரை நிறைவேற்ற முயல வேண்டும் என்பது ஒப்பந்த விதி. அவசரமில்லாத நாள்பட்ட தொல்லைக்கு எட்டு மணி வரிசையில் நிற்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிட்டு, ‘இன்று வேண்டாம், மூன்று வாரம் ஆனாலும் பரவாயில்லை, இன்னாரிடம்தான் வேண்டும்’ என்று சொல்லுங்கள். ஒவ்வொரு சந்திப்பும் முடியும்போது, அடுத்த சந்திப்பை அந்த டாக்டரையே கம்ப்யூட்டரில் போடச் சொல்லுங்கள். அவருக்கென்று சில இடங்கள் ரிசப்ஷனுக்குத் தெரியாமல் ஒதுக்கப்பட்டிருப்பது உண்டு. மலத்தில் ரத்தம் என்றால், உட்கார்ந்ததும் முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.